காங்கேயத்து நண்பருக்கு: பக்ரீத் ஏன் ஆண்டுதோறும் முன்னால் வருகிறது

ஈரோடு,
முஹர்ரம் பிறை 5, 1447
(1.7.2025)

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலத்தையும், தங்கச்சியின் மூட்டுவலி குறைந்திருக்கிறதா என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறோம். பக்ரீத் முடிந்த வாரத்தில் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கிடாய்களுக்கு இந்த முறை நல்ல விலை அமைந்ததைப் படித்தபோது, மழை பொய்த்த ஆண்டுகளில் பட்டியைக் காப்பாற்ற நீங்கள் இருவரும் பட்ட பாடு நினைவுக்கு வந்து மனம் நிறைந்தது. அதே கடிதத்தின் கடைசியில், "உங்கள் பக்ரீத் எங்கள் நோம்பி, பண்டிகைகளைப் போல ஒரு மாதத்தில் நிற்பதில்லை, ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துவிடுகிறது, எதை வைத்துக் குட்டிகளை வளர்ப்பது?" என்று கேட்டிருந்தீர்கள். வரும் ஆண்டுகளின் தேதிகளைப் பின்னால் எழுதியிருக்கிறேன். ஆனால் அது ஏன் நகர்கிறது என்பதில்தான் எங்கள் ஆண்டின் உயிரே இருக்கிறது என்று நான் நினைப்பதால், அதைச் சொல்லாமல் தேதிகளை மட்டும் எழுதி அனுப்ப மனம் வரவில்லை.

நிலவு தேய்ந்து வளர்ந்து மீண்டும் அமாவாசைக்கு வர சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம் ஆகிறது. ஆகவே எங்கள் மாதம் 29 நாளாகவோ 30 நாளாகவோ இருக்கும். பன்னிரண்டு மாதங்களையும் கூட்டினால் 354 நாள், சில ஆண்டுகளில் 355 நாள் வரும். சூரியனை வைத்து எண்ணும் ஆண்டைவிட இது ஏறத்தாழ 11 நாள் குறைவு. தீபாவளியும் அமாவாசையை ஒட்டித்தானே வருகிறது, அது மட்டும் ஐப்பசியை விட்டு நகராமல் இருப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். பஞ்சாங்கக்காரர்கள் ஏறத்தாழ 32, 33 மாதங்களுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதத்தைச் சேர்த்து, முந்திப்போன நிலவுக் கணக்கைச் சூரியனோடு கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் கணக்கில் அந்த அதிக மாதம் கிடையாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒன்றுதான்.

இதை நாம் இருவரும் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தீபாவளியும் எங்கள் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் வந்தன. ஈரோட்டுத் துணிச் சந்தையான கனி மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லாமல் இருந்ததையும், தையல் கடைகளில் விடிய விடிய விளக்கு எரிந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதிக மாதம் குறுக்கிடாத வரையில் இரண்டு கணக்கும் ஒரே அளவில்தான் நகரும். தீபாவளி அமாவாசையை ஒட்டியும் எங்கள் பெருநாள் அதே அமாவாசை கழிந்து தெரியும் பிறையை ஒட்டியும் வருவதால், சேர்ந்த ஆண்டுகளில் அவை மிக நெருங்கிச் சேர்ந்தன. 2007இல் அதிக மாதம் ஒன்று வந்தது. தீபாவளி நவம்பருக்குப் போயிற்று, எங்கள் பெருநாள் அக்டோபர் நடுவிலேயே முடிந்துவிட்டது. விஜயதசமியும் முஹர்ரம் பத்தாம் நாளும் 2015 முதல் 2017 வரை அடுத்தடுத்து வந்ததும் இதே முறையில்தான். இரண்டுமே வளர்பிறையின் பத்தாம் நாளைச் சேர்ந்தவை.

எங்கள் கணக்கில் அதிக மாதத்தைச் சேர்க்காதது தெரியாமல் விட்டுப்போனதில்லை. இஸ்லாத்துக்கு முன் அரேபியர்கள் மாதங்களைத் தங்கள் வசதிப்படி தள்ளிவைக்கும் வழக்கம் கொண்டிருந்தார்கள். போர் விலக்கப்பட்ட புனித மாதங்கள் அதனால் இடம் மாறிக்கொண்டிருந்தன. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் மாதங்களின் எண்ணிக்கை பன்னிரண்டே என்று கூறி, அப்படித் தள்ளிவைப்பதைக் கண்டிக்கிறது. அதன் பிறகு மனிதன் விரும்பிய பருவத்தில் நோன்பையோ ஹஜ்ஜையோ நிறுத்திவைக்க வழியில்லாமல் போயிற்று. எனக்கு இதில் மிகப் பெரிய நியாயம் ஒன்று தெரிகிறது. ரமலானை டிசம்பரிலேயே நிறுத்தியிருந்தால் லண்டனில் இருப்பவருக்குப் பகல் குறுகிய, எளிய நோன்பு என்றென்றும் அமைந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் இருப்பவர் ஒவ்வோர் ஆண்டும் கோடையின் நீண்ட பகலில் பட்டினி கிடந்திருப்பார். இப்போதோ ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ரமலான் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவதால், உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் கடினமான நோன்பும் எளிய நோன்பும் பங்காகிவிடுகின்றன.

நம் கொங்கு நாட்டில் நோன்பின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. மார்கழியில் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆனியில் பதினான்கு மணி நேரத்தை ஒட்டியும் இருக்கும். இங்கே மாறுவது வெயில்தான். 1986இல் அக்கினி நட்சத்திரத்தின்போது ரமலான் வந்தது. என் அத்தா அப்போது துணி மூட்டைகளோடு சந்தை சந்தையாகப் போய்க்கொண்டிருந்தார். நாக்கு வறண்டு பேச்சு எழாத நிலையிலும் அளவுகோலைக் கீழே வைக்காமல் துணி அளந்து கொடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயிலிட்டு, தண்ணீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். அதே அக்கினி நட்சத்திரத்தில் ரமலான் மீண்டும் வந்தது 2019இல். அவர் வைத்த நோன்பை, அவர் வைத்த அதே வெயிலில் நானும் வைத்தேன். நிலையாக ஒரே மாதத்தில் வரும் நோன்பு இந்த அனுபவத்தை எனக்குத் தந்திருக்காது. 2020இல் ஊரடங்கினால் பள்ளிவாசல்கள் மூடியிருக்க, ரமலான் இரவுகளுக்குரிய தராவீஹ் தொழுகையை வீட்டிலேயே தொழுதோம். அந்த ரமலானை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இந்த ஆண்டு ரமலான் மாசியில் தொடங்கிப் பங்குனியில் முடிந்தது. பேத்தி பிளஸ் டூ பொதுத்தேர்வை நோன்போடுதான் எழுதினாள். தேர்வு நாளில் விட்டுவிட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று அவள் பாட்டி சொன்னதற்கும் இணங்கவில்லை. நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள்.

நோன்புக் கஞ்சியைப் பற்றித் தங்கச்சி கேட்டிருந்தார். அரசு பள்ளிவாசல்களுக்கு ஆண்டுதோறும் பச்சரிசி வழங்குகிறது. மற்ற பொருள்களை ஜமாஅத்தார் முறை வைத்து ஏற்றுக்கொள்கிறார்கள். மதியத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பின்கட்டில் அண்டாவை ஏற்றுவார்கள். உடைத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் ஆகியவற்றோடு பட்டை, கிராம்பு, இஞ்சிபூண்டு விழுது, வெங்காயம், தக்காளி, புதினா, கொத்துக்கறி எல்லாம் குழைந்து ஒன்றாகும் வரை ஒருவர் நின்றுகொண்டே துடுப்பால் கிளறுவார். அடிப்பிடித்தால் அத்தனையும் வீண். இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். மாலைத் தொழுகைக்குள் வாசலில் தூக்குப்போசிகள் வரிசையாக வந்துவிடும். எங்கள் தெருவில் நோன்பு வைக்காத வீடுகளின் போசிகளும் அந்த வரிசையில் உண்டு, அவற்றுக்குத்தான் முதலில் ஊற்றுவார்கள். நாள் முழுதும் காலியாகக் கிடந்த வயிற்றுக்கு இதைவிட இதமான உணவை நான் அறியேன். வெந்தயத்தைக் குறைக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

கணக்குப் போட்டுத் தேதி சொல்ல முடிந்தாலும், மாதம் பிறக்கப் பிறையைக் காண வேண்டும் என்பது எங்கள் முறை. பிறை கண்டு நோன்பைத் தொடங்குங்கள், பிறை கண்டு நோன்பை முடியுங்கள், மேகம் மறைத்தால் முப்பதாகப் பூர்த்தி செய்யுங்கள் என்பது நபிகள் நாயகத்தின் வாக்கு. நாள் எங்களுக்குச் சூரியன் மறைவில் தொடங்குவதால் மேற்கு வானம்தான் பார்க்க வேண்டிய திசை. கோவையில் பணியாற்றிய காலத்தில் கோட்டைமேட்டு மொட்டைமாடிகளில் ஏறி நிற்போம். தாழ்வாக நிற்கும் முதல் பிறையை மேற்குத் தொடர்ச்சி மலை மறைத்துவிடும், ஆனி ஆடியானால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேகம் மறைத்துவிடும். உங்கள் காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் திறந்த வெளி அதற்கு எவ்வளவோ மேல். தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்து தகவல் வந்து, தலைமை காஜி அறிவித்த பிறகுதான் நாளை பெருநாள் என்பது உறுதியாகும். அந்த ஓரிரு மணி நேரக் காத்திருப்பைச் சிலர் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது பெருநாளின் ஒரு பகுதியாகவே தோன்றுகிறது.

இப்போது நடப்பது முஹர்ரம். ஆண்டின் முதல் மாதம் என்பதால் பலர் புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிறார்கள். அன்பினால் அனுப்புகிறார்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதைக் கொண்டாட்டமாக வைக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இருந்ததில்லை. நபிகள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த 622ஆம் ஆண்டிலிருந்து எண்ணும் முறையை கலீஃபா உமர் ஏற்படுத்தினார். பிறப்பையோ வெற்றியையோ தொடக்கமாக வைக்காமல், ஊரையும் உறவையும் விட்டுப் புறப்பட்ட நிகழ்ச்சியைத் தொடக்கமாக வைத்தது என்னை எப்போதும் நெகிழவைக்கும். முஹர்ரம் பத்தாம் நாளாகிய ஆஷூரா, மூஸா நபியும் அவருடைய மக்களும் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து மீட்கப்பட்டதற்கு நன்றியாக நோன்பு வைக்கும் நாள். 680இல் கர்பலாவில் நபிகளின் பேரர் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதும் அதே நாளில்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆஷூரா. முந்தின நாளையும் சேர்த்து நோன்பு வைக்க எண்ணியிருக்கிறேன்.

அடுத்த ஸஃபர் மாதத்தில் திருமணம் வைக்கத் தயங்குகிறவர்கள் எங்களிலும் உண்டு, நீங்கள் ஆடியில் தயங்குவதுபோல. நபிகள் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார். ரபீவுல் அவ்வல் பன்னிரண்டில் மீலாது நபி. அந்த மாதத்தில் நபிகளைப் புகழ்ந்து பாடும் மவ்லூது ஓதுவதைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் மவ்லூது ஓதி நெய்ச்சோறு வழங்கிய வீட்டில் வளர்ந்தவன், அதை விட மாட்டேன். ரஜபில் மிஃராஜ் இரவும் ஷஃபானில் பராஅத் இரவும் கழிந்தால் மீண்டும் ரமலான். 2030இல் ஜனவரி தொடக்கத்தில் ஒரு ரமலானும் டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமலானும் தொடங்கும். 1997இலும் இப்படித்தான் ஒரே ஆங்கில ஆண்டில் இரண்டு தொடங்கின. ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஜக்காத்தையும் இந்த நிலவாண்டு வைத்தே கணக்கிடுகிறோம். ஆகவே சூரியக் கணக்கில் 32 ஆண்டு கொடுப்பவர் உண்மையில் 33 முறை கொடுத்திருப்பார். ஏழைக்கு ஒரு முறை கூடுதலாகப் போய்ச் சேர்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பக்ரீத் என்பது துல்ஹஜ் பத்தாம் நாள்; ஹாஜிகள் ஒன்பதாம் நாள் மக்காவை அடுத்த அரஃபாவில் நின்றதற்கு மறுநாள். இந்த ஆண்டு ஜூன் 7இல் வந்தது. 2026இல் மே கடைசி வாரத்திலும், 2027இல் மே நடுவிலும், 2028இல் மே முதல் வாரத்திலும், 2029இல் ஏப்ரல் கடைசி வாரத்திலும், 2030இல் ஏப்ரல் நடுவிலும் எதிர்பார்க்கலாம். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும். அதாவது வரும் ஐந்து ஆண்டுகளும் சித்திரை, வைகாசியை ஒட்டியே அமையும். அந்த நாள்களில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து போயிருக்கும். கோடை மழையை நம்பாமல், கிடாய்களுக்கென்று சோளத்தட்டைத் தனியாக ஒதுக்கி வைப்பது நல்லது. புரட்டாசி, ஐப்பசி மழையில் காடு பச்சையாக இருக்கும் காலத்துக்கு பக்ரீத் வந்து சேர 2045ஐ ஒட்டி ஆகும். அந்த நல்ல விளைச்சல் உங்கள் மகனுக்கு.

வாங்க வருகிறவர்கள் பார்ப்பது இவற்றைத்தான். வெள்ளாட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். செம்மறிக்கு, பார்க்க ஒரு வயதுக் கிடாய்போல் கொழுத்திருந்தால், நாங்கள் பின்பற்றும் ஹனஃபி சட்ட முறையில் ஆறு மாதம் போதும். ஷாஃபி முறையைப் பின்பற்றுகிறவர்கள் செம்மறிக்கு ஒரு வயதும் வெள்ளாட்டுக்கு இரண்டு வயதும் கேட்பார்கள். குருடு, நொண்டி, நோய், எலும்பு தெரியும் மெலிவு ஆகியவை கூடாது, காயடித்தது கூடும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: அடையாளத்துக்காகக் காதை வெட்டும் பழக்கத்தை, பக்ரீத்துக்கென்று வளர்க்கும் குட்டிகளில் விட்டுவிடுங்கள். எங்கள் முறையில் சிறிய வெட்டு விலக்கப்படவில்லை என்றாலும், காதைத் தடவிப் பார்த்ததும் வாங்குகிறவர் அடுத்த பட்டிக்கு நகர்ந்துவிடுவார்; சாயம் பூசி அடையாளம் வையுங்கள். பத்தாம் நாளில் விற்காதது பதினொன்று, பன்னிரண்டாம் நாள்களிலும் விற்கும் என்பதால் முதல் நாளே விலையை இறக்கிவிடவும் வேண்டாம்.

வளர்த்த கிடாயைக் கொடுக்கும்போது தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த இறைச்சியோ இரத்தமோ இறைவனை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடைகிறது என்று குர்ஆன் சொல்கிறது. இப்ராஹீம் நபி தாம் உயிராக நேசித்த மகனையே கொடுக்கத் துணிந்ததை நினைத்துக் கொடுக்கும் குர்பானி அது. மனம் வலிக்காமல் கொடுக்கப்படுவது அதன் கருத்துக்கு ஒத்து வராது. இறைச்சியை மூன்று பங்காக்கி வீட்டுக்கு ஒன்று, உறவுக்கும் நட்புக்கும் ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று என்று கொடுக்கிறோம். இந்த ஆண்டு எங்கள் வீட்டிலிருந்து ஏழைகளின் பங்கு ஆற்றோரத்துக் குடிசைகளுக்குப் போயிற்று.

அடுத்த பக்ரீத்துக்கு உங்கள் பட்டியிலிருந்தே ஒரு செம்மறிக் கிடாயை எங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். விலையைக் கன்னிவாடிச் சந்தையில் அந்த வாரம் போகும் விலைக்கே வாங்கிக்கொள்கிறேன். நட்புக்காக நீங்கள் குறைத்துக் கொடுப்பதை ஏற்க மாட்டேன், குர்பானிக்கு முழு விலை கொடுத்து வாங்குவதைத்தான் அத்தா எங்களுக்குப் பழக்கியிருக்கிறார். ஆடி நோம்பிக்குத் தங்கச்சியை அழைத்துக்கொண்டு வாருங்கள். மூட்டுவலிக்கு இங்கே ஒரு நல்ல மருத்துவரைப் பார்த்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மச்சான்