புகார் கடிதம்: 1965 மஸ்டாங்கும் நீங்கள் கொடுத்த ‘அசல்’ சான்றிதழும்

அனுப்புநர்:
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா
(பெயரும் முழு முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்:
மேலாளர், பழைய கார் ஆய்வுப் பிரிவு
(நிறுவனத்தின் முகவரி உறையின் மேல்)

பொருள்: 1965 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் சரிந்திறங்கும் உடல்) காருக்குத் தவறான ஆய்வறிக்கை கொடுத்தது, கட்டணத்தைத் திருப்பித் தரவும் சான்றிதழை ரத்து செய்யவும் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ஆய்வுக்கு ஆர்டர் எடுத்தபோது தொலைபேசியில் தமிழிலேயே பேசினீர்கள். அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கில நகல் வேண்டுமென்றால் அனுப்புகிறேன். எண்கள் இரண்டிலும் ஒன்றுதான்.

வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்லும் ஆய்வுக்கென்று 650 டாலர் பெற்றுக்கொண்டு, 14 பக்க அறிக்கையும் ஒரு சான்றிதழும் கொடுத்தீர்கள். சான்றிதழ் ஐந்து விஷயங்களைச் சொல்கிறது. இன்ஜின் எண் காரின் வின் எண்ணோடு (ஒவ்வொரு காருக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) பொருந்துகிறது. கார் தொழிற்சாலையிலேயே ஜிடியாக, அதாவது வேகக் காருக்கான கூடுதல் பாகத் தொகுப்போடு, கட்டப்பட்டது. உள் அலங்காரம் அசல். இவை ஃபோர்டு தொழிற்சாலைப் பதிவேட்டில் சரிபார்க்கப்பட்டவை. தரைத்தகட்டில் துரு இல்லை. ஐந்துமே தவறு. அதிலும் இன்ஜின் எண்ணைப் பற்றியும் பதிவேட்டைப் பற்றியும் எழுதியிருப்பவை, இந்த ஆண்டு மஸ்டாங்கில் இந்த இன்ஜினுக்கு எவராலும் எழுத முடியாதவை.

உங்கள் அறிக்கையின் 2ஆம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். ஓட்டுநர் கதவின் விளிம்பில் இருக்கும் தகட்டைப் படம்பிடித்துப் போட்டிருக்கிறீர்கள். படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் எடுத்தவர் அதைப் படிக்கவில்லை. அதில் இருப்பது: 63ஏ, எம், 26, 10எல், 71, 1, 6. 63ஏ என்றால் சாதாரண உள் அலங்காரம் கொண்ட ஃபாஸ்ட்பேக். எம் என்றால் விம்பிள்டன் ஒயிட் நிறம். 26 கறுப்பு வினைல் சீட். 71 லாஸ் ஏஞ்சலிஸ் விற்பனை மாவட்டம். 1 என்பது 3.00 பின் அச்சு விகிதம், 6 என்பது சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 10எல் என்பது கார் கட்டத் திட்டமிட்ட நாள். ஃபோர்டின் மாத எழுத்து வரிசையில் ‘ஐ’ கிடையாது. அதனால் எல் பதினோராவது மாதம், நவம்பர். விரல்விட்டு எண்ணி டிசம்பர் என்று சொல்பவர்களும் உண்டு. ஆக, 1964 நவம்பர் 10.

ஜிடி தொகுப்பை ஃபோர்டு விற்பனைக்கு விட்டது 1965 ஏப்ரலில், மஸ்டாங் வெளிவந்து ஓராண்டு நிறைந்ததையொட்டி. அதற்கு ஐந்து மாதம் முன்பு கட்டிய காரை ‘தொழிற்சாலை ஜிடி’ என்கிறீர்கள். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதைதான் இது. இதைக் கண்டுபிடிக்க ஸ்பேனர்கூட எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து 5ஆம் பக்கம். ‘வின் எண்ணில் உள்ள ஏ எழுத்து ஜிடியை உறுதி செய்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வின் எண் 5ஆர்09ஏ என்று தொடங்குகிறது. 5 என்பது 1965 மாடல், ஆர் சான் ஹோசே ஆலை, 09 ஃபாஸ்ட்பேக் உடல், ஏ என்பது நான்கு பேரல் கார்புரேட்டர் பொருத்திய 289 கன அங்குல, 225 குதிரைத்திறன் வி8. அவ்வளவுதான். ஜிடி தொகுப்பு வேண்டுமென்றால் ஏ இன்ஜினோ 271 குதிரைத்திறன் கே இன்ஜினோ இருந்தாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஏ இன்ஜின் இருப்பதெல்லாம் ஜிடி ஆகிவிடாது. 1965, 1966 கார்களில் ஜிடி என்ற செய்தி வின் எண்ணிலும் இல்லை, கதவுத் தகட்டிலும் இல்லை. ஏ இன்ஜின் காரை ஜிடியாக வேஷம் கட்டிவிடுவது இவ்வளவு சுலபமாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

அதனால்தான் உடலில் தேட வேண்டியிருக்கிறது. தொழிற்சாலை ஜிடியில் இரட்டை சைலென்சர் குழாய்கள் பின் பம்பருக்குக் கீழே இருக்கும் வேலன்ஸ் தகட்டைத் துளைத்து வெளியே வரும். அவற்றைத் தாங்கும் கொக்கிகளுக்காகப் பின்பக்கச் சட்டத்தில் வலுவூட்டும் தகடு வைத்து வெல்டு செய்திருப்பார்கள். இந்தக் காரில் அந்தத் தகடு இல்லை. கொக்கியைச் சட்டத்தில் நேராகத் துளை போட்டு, தகர ஸ்க்ரூவால் முறுக்கியிருக்கிறார்கள். முன் டிஸ்க் பிரேக் ஜிடி தொகுப்பிலேயே சேர்ந்தது, 1965இல் அது கெல்சி ஹேய்ஸ் நிறுவனத்தின் நான்கு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடித்து அழுத்தும் பாகம்). இந்தக் காரில் இருப்பது ஒற்றை பிஸ்டன் மிதக்கும் காலிப்பர். மஸ்டாங்கில் அது வந்தது 1968 மாடலிலிருந்து. பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரும் இரட்டை அறை. 1965இல் ஒற்றை அறைதான், இரட்டை வந்தது 1967இல். ஓட்டுவதற்கு இரட்டை அறைதான் பாதுகாப்பு. அதை மாற்றியதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. மாற்றப்பட்டது என்று எழுதாமல் ‘அசல் பிரேக் அமைப்பு’ என்று எழுதியதில்தான் ஆட்சேபணை.

டாஷ்போர்டில் ஐந்து வட்ட மீட்டர்கள் இருப்பதை ஜிடிக்கு ஆதாரமாகக் காட்டியிருக்கிறீர்கள். 1966இல் எல்லா மஸ்டாங்கிலும் ஐந்து வட்ட மீட்டர்தான். பழைய பாகக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். 1965 சாதாரண காரில் நீளமான வேகமானியும், ஆயிலுக்கும் சார்ஜுக்கும் எச்சரிக்கை விளக்குகளும் இருந்தன. விளக்கை எடுத்துவிட்டு அம்மீட்டர் வைத்தால் ஒயரிங்கில் கை வைத்தே ஆக வேண்டும். டாஷ்போர்டின் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். நீல நிற கிரிம்ப் இணைப்புகள் (ஒயர்களை நசுக்கி இணைக்கும் குழல்கள்) வரிசையாகத் தெரியும். ஃபோர்டு தொழிற்சாலையில் செய்த இணைப்புகள் அல்ல அவை.

ஓடும் குதிரைகள் பொறித்த சீட்டுகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அந்த உயர்தர அலங்காரத்தோடு கட்டிய ஃபாஸ்ட்பேக்கின் தகட்டில் 63பி என்றிருக்கும். இதில் 63ஏ. முடிந்தது.

இனி இன்ஜின். இதில்தான் பணமும் இருக்கிறது, பிழையும் பெரிது. ‘பிளாக்கில் குத்தப்பட்ட எண் வின் எண்ணோடு பொருந்துகிறது’ என்று எழுதி, படமும் போட்டிருக்கிறீர்கள். 1965இல் ஃபோர்டு 289 இன்ஜின்களில் கே வகைக்கு மட்டுமே பிளாக்கில் (இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலில்) வின் எண்ணைக் குத்தியது. மற்றவற்றில் 1968 மாடல் வரை அந்த வழக்கமே இல்லை. அப்படியென்றால் ஏ இன்ஜின் காரின் பிளாக்கில் வின் எண் இருப்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். எண் பொருந்தவில்லை என்றால்கூட அது இன்ஜின் மாற்றம் என்று விட்டிருக்கலாம். இருக்கக் கூடாத இடத்தில் எண் இருந்து, அது கச்சிதமாகப் பொருந்தியும் இருந்ததே, அப்போதாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டாமா? உங்கள் படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணைச் சுற்றி கிரைண்டர் கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன. யார் குத்தியது என்று நான் சொல்ல முடியாது. அது உங்கள் வேலையும் அல்ல. குத்தப்பட்டது தொழிற்சாலையில் அல்ல என்று சொல்வது உங்கள் வேலை.

அப்படியானால் 1965 ஏ இன்ஜினின் அசல் தன்மையை எப்படிப் பார்ப்பது? வார்ப்பு எண்ணும் வார்ப்புத் தேதியும்தான் வழி. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்ற வேண்டும். காரை ஸ்டாண்டில் ஏற்றி, வலது பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி அதை இறக்கினால், பிளாக்கின் கீழ்ப்பகுதியில் எண் தெரியும். அறுபது வருட எண்ணெய்ப் பிசுக்கு மேலே இருக்கும்; பித்தளை பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் போதும். இரும்பு பிரஷ் போட்டால் எழுத்தின் விளிம்பு தேயும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும். மொத்தம் ஒரு மணி நேர வேலை.

அங்கே இருப்பது சி8ஓஇ-6015-ஏ. சி என்றால் 1960கள், 8 என்றால் 1968, ஓ என்றால் ஃபேர்லேன் வரிசைக்காக வடிவமைத்தது, இ என்றால் இன்ஜின் பிரிவு, 6015 என்பது பிளாக்கிற்கான ஃபோர்டின் அடிப்படை எண். இது 302 கன அங்குல பிளாக், 289 அல்ல. 1965 காரில் எதிர்பார்க்க வேண்டிய வார்ப்பு எண்களில் ஒன்று சி5ஏஇ-6015-இ. பக்கத்திலேயே வார்ப்புத் தேதி 8சி14, அதாவது 1968 மார்ச் 14. 1964 நவம்பரில் கட்டிய காருக்குள் மூன்று வருடம் நான்கு மாதம் கழித்து வார்த்த பிளாக். பாகத்தின் தேதி காரின் தேதிக்குச் சில நாள் முதல் சில வாரம் முன்னதாக இருக்க வேண்டும். ஓரிரு மாதம் முன்னே போனாலும் ஒப்புக்கொள்ளலாம். பின்னே போனால் பேச்சே இல்லை.

இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 4.00 அங்குலம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) மட்டும் 289இல் 2.87, 302இல் 3.00. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். பிளக் துளை வழியே குச்சி விட்டு அளந்ததாக உங்கள் ஆய்வாளர் தொலைபேசியில் சொன்னார். பிளக் துளை சாய்வாக இருக்கிறது, 0.13 அங்குல வித்தியாசத்தை அந்த வழியில் அளந்து நம்ப முடியாது. அறிக்கையில் ‘அசல் ஆட்டோலைட் 4100 கார்புரேட்டர்’ என்றும் ஒரு வரி இருக்கிறது. மேலே உட்கார்ந்திருப்பது புதிதாக வாங்கிய அலுமினிய கார்புரேட்டர். பானட்டைத் திறந்தாலே தெரிகிறது.

தொழிற்சாலைப் பதிவேடு பற்றி. ஃபோர்டின் உற்பத்தித் தரவை உரிமம் பெற்று வைத்து, காருக்குக் கார் அறிக்கை தருவது மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ். அவர்களிடம் இருக்கும் தரவு 1967 மாடலில்தான் தொடங்குகிறது. 1965 காருக்கு மார்ட்டி அறிக்கை என்று ஒன்று கிடையாது. அந்த ஆண்டுக் காருக்குக் கிடைக்கக்கூடிய காகிதங்கள் பெரும்பாலும் அந்தக் காரோடு வந்தவைதான்: கண்ணாடியில் ஒட்டிய விலைச்சீட்டு, டீலர் பில், அதிர்ஷ்டம் இருந்தால் சீட்டுக்கு அடியிலோ கம்பளத்துக்கு அடியிலோ சிக்கிய பில்ட் ஷீட் (காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலை எழுதிய தாள்). நீங்கள் எந்தப் பதிவேட்டில் சரிபார்த்தீர்கள் என்பதை எழுத்தில் கேட்கிறேன். வின் எண்ணை இணையத்தில் தட்டி, 5 என்றால் 1965 என்று விரித்துக் காட்டும் பக்கத்தைப் பதிவேடு என்று சொல்லாதீர்கள்.

கடைசியாகத் துரு. 1965, 1966 மஸ்டாங்கில் முதலில் பார்க்க வேண்டியது தரைத்தகட்டை அல்ல, கௌல் அறையை. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் சல்லடைக்கு அடியில் இருக்கும் அறை அது. காற்றுத் துளைகளைச் சுற்றி நிற்கும் தகட்டுக் கழுத்தின் அடியில் இலைச்சருகு தேங்கி, ஈரம் நின்று, அங்கேதான் முதலில் அரிக்கும். பிறகு மழைநீர் நேராகக் கால்மேல் சொட்டும், தரை அழுகும். கம்பளத்தைத் தூக்கிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைச் சல்லடை வழியே மெதுவாக ஊற்றி, உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நல்ல கௌலில் தண்ணீர் இரண்டு ஓரங்களிலும் மட்கார்டுக்குப் பின்னால் வடியும். இந்தக் காரில் பயணி பக்கம் உள்ளே ஊற்றுகிறது. அதைச் சரிசெய்ய மட்கார்டுகளைக் கழற்றி, கௌல் மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்து, தகட்டைப் பிரித்து, பின் மறுபடி வெல்டு செய்ய வேண்டும். சின்ன டிங்கரிங் வேலை அல்ல. தரைத்தகடோ ஏற்கெனவே மாற்றப்பட்டது. புதிதாக அடித்த கறுப்பு அடிப்பூச்சைச் சுரண்டினால் தொழிற்சாலை ஸ்பாட் வெல்டு இருக்க வேண்டிய இடத்தில் துளையிட்டு நிரப்பிய வெல்டு மேடுகள் தெரிகின்றன.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கதவுத் தகட்டை விரும்பிய எழுத்துகளோடு புதிதாகச் செய்து வாங்க முடியும். அதனால் அதை மட்டும் நம்பி நான் இதை எழுதவில்லை. இடது உள் மட்கார்டின் மேல்விளிம்பில் குத்தியிருக்கும் வின் எண்ணையும், மட்கார்டைக் கழற்றினால் மட்டும் தெரியும் மறைவான முத்திரைகளையும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, எழுத்து வடிவமும் சரி. கார் உண்மையான 5ஆர்09ஏ தான். மில்பிடாஸில் இன்று கிரேட் மால் நிற்கும் இடத்தில் இருந்த ஃபோர்டின் சான் ஹோசே ஆலையில் கட்டிய, வெள்ளை நிற, ஆட்டோமேட்டிக், சாதாரண ஃபாஸ்ட்பேக். அது மோசமான கார் அல்ல. நீங்கள் அதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் அதற்குரிய விலையில் வாங்கியிருப்பேன். சிவப்புப் பெயின்ட்டுக்கும் ஜிடி பட்டைக்கும் சேர்த்து விலை கொடுத்திருக்க மாட்டேன்.

ஆகவே நான் கேட்பது: ஆய்வுக் கட்டணம் 650 டாலரை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். சான்றிதழை ரத்து செய்து, ரத்து செய்ததை அதன் எண்ணோடு எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் நாளை இதே காகிதம் இன்னொருவர் கைக்குப் போகும். ஆய்வின்போது எடுத்த எல்லாப் படங்களையும், சுருக்காமல், எடுத்த தேதியோடு அனுப்ப வேண்டும், முக்கியமாக இன்ஜின் பிளாக் படங்களை. வேறோர் ஆய்வாளரைக் கொண்டு காரை மறுபடி பார்த்ததற்கான 480 டாலர் ரசீதை இணைத்திருக்கிறேன். அந்தத் தொகையும் உங்கள் பொறுப்பு. விலை வித்தியாசம் பற்றி விற்றவரிடம் தனியாகப் பேசிவருகிறேன். அதில் உங்கள் சான்றிதழும் ஆதாரமாகச் சேரும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். ஆய்வாளரைத் திரும்ப அனுப்பிக் காரைப் பார்ப்பதென்றால் தாராளமாக வரலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரை இன்னும் மாட்டவில்லை. எண் திறந்தபடிதான் இருக்கிறது. வரும்போது ஒரு வாளியும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வார்ப்பு எண், வார்ப்புத் தேதிப் படங்கள் 6, பின்சட்டம், காலிப்பர், டாஷ்போர்டு ஒயரிங் படங்கள் 11, கௌல் நீர்ச் சோதனை காணொளி, மறு ஆய்வு ரசீது, தங்கள் அறிக்கையின் 2, 5ஆம் பக்க நகல்கள்.