தானியக் கதவில்லாத வேகன்களும் ஒழுகிப்போன கோதுமையும்

சஸ்காட்செவன், கனடா
அக்டோபர் 1956

அனுப்புநர்: மேலாளர், கிராமத் தானியக் கிடங்கு
பெறுநர்: சரக்குப் போக்குவரத்துத் தலைவர், ரயில்வே நிறுவனம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் புகாரை நிலைய முகவர் கோட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார். கோட்ட அலுவலகம் இழப்பீட்டுப் பிரிவின் தலையில் கட்டியது. அவர்களோ நிலைய முகவரையே பார்க்கச் சொல்கிறார்கள். அலுத்துப்போய் உங்களுக்கே எழுதுகிறேன்.

வேகனின் இழுவைக் கதவு கோதுமையைத் தாங்காது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உள்பக்கம் நிலைச்சட்டத்தில் தானியக் கதவுப் பலகைகளை அறைந்து, தானியம் கொட்டும் குழாய் நுழையவும் ஆள் ஏறி வெளியே வரவும் மேலே இடைவெளி விடுவது எங்கள் வேலை. பலகை தருவது உங்கள் பொறுப்பு. தந்தீர்களா? அடுத்த நிலையத்தில் இருக்கிறது என்றார்கள். சேற்றில் லாரியை ஓட்டிக்கொண்டு போனால், அங்கே கிடந்தவை துறைமுகத்தில் கடப்பாரையால் பெயர்த்தெடுத்த பழைய பலகைகள். பாதி பிளந்திருந்தன, ஆணிகூடப் பிடுங்கவில்லை.

முதலில் வந்த வேகனில் அதற்கு முன் மாட்டுத்தோல் ஏற்றியிருக்கிறார்கள். நாற்றம் குடலைப் புரட்டியது. திருப்பி அனுப்பினோம். இரண்டாவது வேகனைப் பெருக்கி, துருத்திய ஆணிகளை மடக்கி, சுவர் ஓட்டைகளில் சாக்குத்துணி திணித்து, இடுக்கெல்லாம் தடித்த காகிதம் வைத்து அடைத்தோம். ஒரு மூலையில் உட்சுவர்ப் பலகை உளுத்து, என் கை முழங்கை வரை உள்ளே போனது. அந்த வேகனின் மேல்தான் உங்கள் ஆய்வாளர் ‘தானியத்துக்கு ஏற்றது’ என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்!

ஏரிக்கரைத் துறைமுகமான ஃபோர்ட் வில்லியமில் எடை போட்டபோது நாற்பது புஷல் அளவு கோதுமை குறைவு. இந்த ஊரின் ஓராண்டு உழைப்பையே தண்டவாளத்தில் தூவிவிட்டீர்கள்.

இழப்பீட்டுப் பிரிவு எழுத்தர் சொன்னதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. “குருவிகளுக்கும் பசிக்கும் அல்லவா?” என்று சிரித்தார். பிறகு, வேகன் சுவரில் ஓட்ஸுக்கென்று போட்ட அளவுக் கோடு வரை நாங்கள் நிரப்பாமல் ஏமாற்றினோமாம்! ஐயா, ஒரு புஷல் ஓட்ஸ் 34 பவுண்டு, கோதுமை 60 பவுண்டு. அதனால்தான் உங்கள் வேகன் சுவரிலேயே கோதுமைக் கோடு கீழே இருக்கிறது. ஓட்ஸ் கோடு வரை கோதுமையைக் கொட்டினால் அச்சு முறியும். இதுகூடத் தெரியாதவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் சாண்ட்விச்சைத் தின்று முடித்த பிறகுதான் காகிதத்தையே தொட்டார்.

தோல் வேகனைத் திருப்பி அனுப்பியதற்குத் தாமதக் கட்டணம் வேறு கேட்டிருக்கிறீர்கள். கட்ட மாட்டேன்.

உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஏதுமில்லை. தயவுசெய்து நாற்பது புஷலுக்கான பணத்தையும், துப்புரவான வேகன்களையும், முழுப் பலகைகளையும் அனுப்பிவையுங்கள். கிடங்கு நிரம்பி வழிகிறது. ஏரி உறைந்தால் கப்பல் நின்றுவிடும். இந்த மாதத்துக்குள் நடக்காவிட்டால் ஒட்டாவாவில் உள்ள போக்குவரத்து ஆணையர் வாரியத்துக்கு எழுதுவேன். வேகன் ஒதுக்கீட்டுக்காக 1902இல் சின்டலூட்டா ஊர் ரயில் நிலைய முகவரை விவசாயிகள் நீதிமன்றத்தில் நிறுத்தி வென்றதை உங்கள் வழக்கறிஞர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த எழுத்தரிடமிருந்து எழுத்துமூலமான மன்னிப்பும் வேண்டும்.

இப்படிக்கு,
கிடங்கு மேலாளர்