ஆறு நாள் வேண்டாம், மூன்று நாள் போதும்

அன்புள்ள செந்தில்,

பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய், போட்டோவைப் பார்த்து அம்மா அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கர் இல்லாமலே வாசல் வரை நடக்கிறார்.

சரி, உன் ஜிம் விஷயம். படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே வெயிட் தூக்கும் பெஞ்ச் பிரஸ் 80 கிலோவைத் தாண்ட மறுக்கிறது, தோள் வலிக்கிறது, அதனால் வாரம் ஆறு நாளாக்கிவிட்டேன் என்கிறாய். படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. குழந்தை ராத்திரி மூன்று நாலு தடவை எழுப்புகிறது, நீ விடியற்காலை அந்த ப்ரீ-வொர்க்கவுட் ஊக்க பானத்தைக் குடித்துவிட்டு ஓடுகிறாய், அப்புறம் உடம்பு எப்போதுதான் தேறும்? வெயிட் தூக்கும்போது தசை களைத்துச் சேதமாகத்தான் செய்கிறது. புதுப் புரதத்தைச் சேர்த்து அதைக் கட்டும் வேலை அடுத்த ஒன்றிரண்டு நாள் நடக்கிறது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அவை இன்னும் மெதுவாகத் தேறும். உன் தோள் அதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

டோரியன் யேட்ஸ் 1992 முதல் 1997 வரை வரிசையாக ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா என்ற பாடிபில்டிங் பட்டத்தை ஜெயித்தவர், வாரத்தில் நாலு நாள்தான் வெயிட் தூக்கினார். சாப்பிடுவதும் தூங்குவதுமே வேலையாக இருந்தவருக்கே நாலு நாள் என்றால், ஆபீஸும் கைக்குழந்தையும் இருக்கிற உனக்கு மூன்று தாராளம்.

இப்போதைக்கு இது வெறும் களைப்பாக இருந்தால் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். இப்படியே தள்ளிக்கொண்டு போனால் மீள மாதக்கணக்கில் ஆகும், அசதியாக இருந்தும் தூக்கம் வராது, எல்லோர் மேலும் எரிச்சல் வரும், கையில் இருக்கிற பலமும் குறையும். அதனால் இந்த வாரம் வெயிட்டைக் குறைத்து செட்டைப் பாதியாக்கு. அடுத்த வாரத்திலிருந்து திங்கள், புதன், வெள்ளி மட்டும் போ. ஞாயிறு மதியம் பாப்பாவை யாரிடமாவது கொடுத்துவிட்டு நன்றாகத் தூங்கு, வீட்டில் அவர்களும் தூங்கட்டும், பாவம்.

தோள் கையைத் தூக்கினால் மட்டும் வலிக்கிறதா, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறதா? படுத்தாலும் வலித்தால் ஜிம் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
முருகேசன்