பட்டர்வொர்த்தின் பாடல்களில் தீர்க்கதரிசனம் தேட வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜார்ஜ் பட்டர்வொர்த்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆவலுடன் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றி இவ்வளவு விரிவாக வெளியிட்டதற்கு நன்றி. ஆயினும், ‘ஷ்ராப்ஷயர் லாட்’ கவிதைகளுக்கு அவர் குரலுக்கும் பியானோவுக்குமாக இசையமைத்த ஆறு பாடல்களையும், தம் சாவை முன்கூட்டியே உணர்ந்த ஒருவர் தமக்குத் தாமே பாடிக்கொண்ட ஒப்பாரியாகக் கட்டுரையாளர் காண்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏ. இ. ஹவுஸ்மன் அக்கவிதைகளை நூலாக வெளியிட்டது 1896இல்; பாடல்கள் வெளிவந்தது 1911இல். பட்டர்வொர்த் முதல் உலகப்போரில், பிரான்சின் சோம் போர்முனையில் குண்டடிபட்டு இறந்ததோ 1916 ஆகஸ்ட் 5ஆம் நாள், தம் 31ஆம் வயதில். 1911இல் அவர் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டும், மாரிஸ் என்னும் கிராமிய நடனத்தை ஆடிக்கொண்டும் இருந்த இளைஞர். இத்தொகுதியின் இரண்டாம் பாடலுக்கு நாட்டுப்புற மெட்டொன்றையே அவர் எடுத்தாண்டிருக்கிறார் என்பதைக் கட்டுரை குறிப்பிடாதது வியப்பளிக்கிறது.

தீர்க்கதரிசனத்துக்குச் சான்றாகப் பலரும் காட்டுவது ஐந்தாம் பாடலை. லட்லோ சந்தைக்கு நூற்றுக்கணக்கில் வரும் இளைஞர்களுள் சிலர் முதுமையைக் காணாமலே மடிவார்கள் என்பது அதன் பொருள். ஆனால் இசை அங்கே அழவில்லை. தாலாட்டும் அசைவோடு மெட்டு போகிறது, பியானோ மிகக் குறைவான சுரங்களோடு குரலுக்கு வழிவிட்டு நிற்கிறது. போரின் நினைவில் அதை இழுத்து இழுத்துப் பாடும்போது அந்த எளிமை கெட்டுப்போகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆறாம் பாடலைப் பற்றிக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. இறந்தவன் ஒருவன், தான் ஓட்டிய ஏர் இன்னும் உழுகிறதா, ஆற்றங்கரையில் பந்தாட்டம் நடக்கிறதா, தன் காதலி நலமா, தன் நண்பன் நலமா என்று கேட்கிறான். உயிரோடிருக்கும் நண்பன் பதில் சொல்கிறான். இருவரையும் ஒரே பாடகர் பாட வேண்டும். இறந்தவன் கேட்கும்போது பியானோவில் மெல்லிய சுரக்கூட்டங்கள் மேலிருந்து மெதுவாக இறங்கி வர, குரல் தாளக்கட்டு தளர்ந்து மெலிந்து ஒலிக்கிறது. நண்பன் பதில் சொல்லும்போது ஓசை வலுத்து, தாளம் விரைகிறது. இறந்தவனின் காதலி இப்போது தன்னோடுதான் இருக்கிறாள் என்பதை அந்த நண்பன் மறைமுகமாக ஒப்புக்கொண்ட பிறகு, ஆவிக்குரிய அதே சுரக்கூட்டங்கள் பியானோவில் திரும்ப வந்து, நிலைகொள்ளாமல் தேய்ந்து போகின்றன.

இதே கவிதைக்கு 1909இல் இசையமைத்த வான் வில்லியம்ஸ், பந்தாட்டத்தைப் பற்றிய இரண்டு பத்திகளையும் விட்டுவிட்டார். ஹவுஸ்மனுக்கு அதில் கடும் கோபம். பட்டர்வொர்த்தோ எட்டுப் பத்திகளையும் வைத்துக்கொண்டார். அவர் செய்ததே சரி என்பேன். ஏரும் பந்தாட்டமும் தான் இல்லாமலே நடக்கின்றன என்று முதலில் கேட்டவனுக்குத்தான் காதலியைப் பற்றிய பதில் அந்த அளவுக்கு வலிக்கும். இது கவிதையைக் கூர்ந்து படித்த இசைக்கலைஞன் செய்த தேர்வு. இதைச் சாவின் நிழல் என்று சொல்லிவிட்டால் அவனுடைய உழைப்பு கண்ணில் படாமல் போகிறது.

பிரான்சுக்குப் போகுமுன் தம் கையெழுத்துப் படிகள் பலவற்றை அவரே அழித்துவிட்டார். எஞ்சியவை சிலவே என்பதால், 1912இல் வெளிவந்த மற்ற ஐந்து ஹவுஸ்மன் பாடல்களைப் பற்றியும், இத்தொகுதியின் முதல் பாடல் மெட்டிலிருந்து அவர் வளர்த்தெடுத்து 1913இல் லீட்ஸ் விழாவில் அரங்கேறிய வாத்தியக்குழு இசையைப் பற்றியும் இசை நுணுக்கம் அறிந்த ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மதுரை