கோயிலில் ஒரு கேட்கும் அறை வேண்டும்

பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தினருக்கும், தீவிலும் பெருநிலத்திலும் உள்ள ஆலய நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடல். மனம் நொந்து வருகிறவர் உட்கார்ந்து தமிழில் பேசவும், பயிற்சி பெற்ற ஒருவர் அதைப் பொறுமையாகக் கேட்கவும் நமது ஆலயங்களில் ஓர் அறை ஒதுக்குங்கள். கதவுள்ள அறையாக, ஒலிபெருக்கிச் சத்தம் எட்டாத அறையாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் திறந்திருந்தாலே தொடக்கத்துக்குப் போதும்.

ஏன் கோயில் என்று கேட்பீர்கள். நம் ஆட்கள் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதான். இரவு ஷிப்ட் முடிந்தும் தூக்கம் வராத பெண், ஆலோங் என்னும் கந்துவட்டிக்காரனிடம் கடன் வாங்கிவிட்டு யார் கதவைத் தட்டினாலும் நடுங்கும் அப்பா, பள்ளிக்குப் போகமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் பிள்ளையின் தாய் எல்லாரும் அரசு மருந்தகமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போவதற்கு வெகு நாள் முன்பே அர்ச்சனைச் சீட்டு வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அது உண்டு. ஆனால் அர்ச்சனை முடிந்து பிரசாதத்தோடு திரும்பும்போது, உள்ளே கிடப்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. குருக்களுக்கு முன் நீண்ட வரிசை நிற்கிறது. சீட்டுக் கொடுப்பவருக்கும் அதே நிலைதான்.

தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆறாம் ஆண்டு வரை வகுப்பில் வாயாடியாக இருந்த பையன் ஒருவன், இடைநிலைப்பள்ளிக்குப் போன சில மாதங்களில் வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். காலையில் வயிற்று வலி. சனிக்கிழமை ஆனால் வலி இல்லை. அவன் அம்மா ஒரு கோயிலில் கேட்டபோது, கிரக தோஷம் என்று சொல்லி எள் தீபம் போடச் சொன்னார்கள். வாரா வாரம் போட்டார். அவனை அழைத்து உட்கார வைத்து ‘என்னப்பா நடக்குது?’ என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிப் பேருந்தில் பெரிய பையன்கள் அவனை அடித்து வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாய் தீபம் போட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தத் தீபத்துக்குப் பக்கத்தில் ஒரு காது இருந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் துயரம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் வருகிறது. தலைவலி, வயிற்று வலி, படுக்கையை நனைத்தல், காரணமில்லாத கோபம். ‘சோகமாக இருக்கிறேன்’ என்று அவர்கள் சொல்வது அரிது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறும் வயது அதிலும் கடினம். மொழி மாறுகிறது, தோழர்கள் பிரிகிறார்கள். பெராலிஹான் என்னும் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்காரும் பிள்ளைக்கு, தான் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு உங்களிடம்தான் வருகிறார்கள்.

2022-ல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், 13 முதல் 17 வயது மாணவர்களில் நான்கில் ஒருவர் மனச்சோர்வில் இருப்பது தெரிந்தது. ஏறக்குறைய பத்தில் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொல்லியிருந்தார். பெரியவர்களிடையே மனச்சோர்வு 2019-ல் 2.3 விழுக்காடு. 2023-ல் அது 4.6 விழுக்காடு, ஏறத்தாழ பத்து லட்சம் பேர்.

கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட் கட்டினால் மருத்துவரைப் பார்க்கலாம். மனச்சோர்வு இருக்கிறதா என்று சோதித்து, தேவையானால் நிபுணரிடம் அனுப்புவார்கள். ஆனாலும் போகத் தயங்குகிறோம். 1911-ல் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் பெயரை நாம் மூன்று தலைமுறையாக வசவாக்கி வைத்திருக்கிறோம். ‘உன்னை ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்’ என்று கேட்டு வளர்ந்தவன் எப்படி மனநல மருத்துவரைத் தேடிப் போவான்? அதே வார்த்தையைக் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அவனே நம்பும் ஒரு கோயில், ‘போய்ப் பார், நாங்களும் கூட வருகிறோம்’ என்று சொன்னால் அந்தத் தயக்கம் உடையும்.

வழிபாடும் மருத்துவமும் கைகோத்த இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் மனநலம் பாதிக்கப்பட்டவர்களை 48 நாள் தங்க வைத்து, பூசையில் தீர்த்தம் தெளிப்பது பழைய வழக்கம். இன்று அங்கே அரசு உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் இருக்கிறது. மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார். தீர்த்தமும் நிற்கவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. கைகோக்காத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் தமிழர்கள் மறக்கக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா வழிபாட்டை நம்பி மனநலம் பாதிக்கப்பட்டவர்களை அழைத்து வரும் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி இறந்தார்கள்.

படித்த நிபுணர்களுக்கு எங்கே போவது என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்பார். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், நிபுணர் இல்லாத குறையைப் பாட்டிமார்களைக் கொண்டு தீர்த்தார். 2006-ல் பதினான்கு பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மர பெஞ்சில் உட்கார வைத்தார். வந்தவரின் கவலைகளை அவர்கள் கேட்பார்கள், அவற்றில் ஒன்றை எடுத்து அதற்கு அவரே ஒரு வழி காண உதவுவார்கள். 573 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குப் பின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு நீடித்தது. பெஞ்சில் பேசியவர்களில் அது நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத்தான். பினாங்கில் நமக்கு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள், மிஸ்ஸிகள் என்று நாம் அழைக்கும் தாதியர் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளை வளர்த்து முடித்து மாலையில் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். பயிற்சிக்குப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் மாநிலச் சுகாதாரத் துறையையும் வாரியத்தின் பெயரில் அணுகினால் மதிப்பு இருக்கும். தனி ஆளாக நான் போய்க் கேட்பதும் வாரியம் கேட்பதும் ஒன்றாகாது.

எனக்கு உண்மையில் பயம் தருவது வம்புதான். நம் ஊர் சின்னது. யார் மகள் எந்த அறைக்குள் போனாள் என்பது மறுநாள் கல்யாண வீட்டில் பேச்சாகிவிட்டால் அந்த அறையை அன்றே பூட்டிவிடலாம். ஆகவே அங்கே உட்காருபவர் நிர்வாகக் குழுவில் இருக்கக்கூடாது. பெயர் எழுதும் புத்தகம் வேண்டாம். கூட்டத்தில் ‘இந்த மாதம் என்ன கேஸ் வந்தது?’ என்று தலைவர்கூடக் கேட்கக்கூடாது. காணிக்கை வாங்கக்கூடாது, சாதகம் பார்க்கக்கூடாது. ஆணும் பெண்ணுமாக இருவர் இருக்கட்டும், வருபவர் விரும்பியவரிடம் பேசட்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ரகசியம் காக்க இயலாது. தன்னை யாரோ அடிக்கிறார்கள், தவறாகத் தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், செய்தவர் கோயிலுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் உடனே தாலியான் காசே என்னும் அரசு உதவி எண் 15999-ஐ அழைக்க வேண்டும். இதைப் பயிற்சியின் முதல் நாளே எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

அறையின் சுவரில் மனம் நொந்தவர் அழைத்துப் பேசக்கூடிய இன்னும் இரண்டு எண்கள் தமிழில் பெரிதாக இருக்கட்டும்: சுகாதார அமைச்சின் ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. பக்கத்தில் ‘தற்கொலை முயற்சி இப்போது குற்றமல்ல’ என்ற வரியும் வேண்டும். தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் முன்பு ஓராண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். 2023-ல் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. இன்னும் போலீசுக்குப் பயந்து மகனின் நிலையை மறைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் கண்ணில் அது பட வேண்டும்.

தண்ணீர்மலை முருகன் கோயிலில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே எந்நேரமும் கூட்டம். பட்டர்வொர்த், பிறை, நிபோங் தெபால் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் முதலில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். பயிற்சிக்கு வரச் சம்மதிக்கும் ஆசிரியைகள் சிலரை எனக்குத் தெரியும், நானும் வருகிறேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, அழைத்தால் நேரில் வந்து விளக்குகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பிறை