உன் பெயர்தான் அந்தக் குழந்தைக்கும்

அன்பு மகள் கதீஜாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கானோவில் உன்னோடு வேலை பார்க்கிற பெண்ணின் குழந்தைக்கு ஹதீஸா என்று பெயர் வைக்கப் போகிறார்கள், அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தாய். அது உன் பெயர்தான், மகளே. கதீஜாவை, நைஜீரியாவில் கானோ பக்கம் ஹௌஸா மொழி பேசுகிற ஹௌஸாக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அரபியில் இந்தப் பெயர் தொண்டையை உரசிக்கொண்டு வரும் 'ஃக' ஒலியில் தொடங்கும். அந்த ஒலி நமக்கும் இல்லை, ஹௌஸாவுக்கும் இல்லை. நாம் அதைக் 'க' ஆக்கினோம், அவர்கள் 'ஹ' ஆக்கினார்கள். ஆபத்தைக் குறிக்கும் அரபுச் சொல் 'ஃகதர்' அங்கே 'ஹதரி' ஆனதும் இப்படித்தான்.

'ஸா' என்ற இடத்தில்தான் நம் ஆட்களுக்குத் தவறும். கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பார். வெறும் 'ஸ' சொன்னால் விரலில் ஒன்றும் தெரியாது. வண்டு ரீங்கரிப்பதுபோல் குரலையும் சேர்த்துச் சொல், அதிரும். அந்த அதிர்வு வேண்டும். இல்லாவிட்டால் நபிமொழியைக் குறிக்கும் 'ஹதீஸ்' என்ற சொல்போல ஆகிவிடும். வீட்டில் செல்லமாக 'திஜே' என்பார்கள். இ, எ ஒலிகளுக்கு முன்னால் அந்த ஒலி ஹௌஸாவில் 'ஜ' ஆகிவிடும், அதனால்தான்.

இனிப் பொருள். இணையத்தில் 'நம்பிக்கைக்குரியவள்' என்று போட்டிருப்பதை நம்பாதே. ஒட்டகம் நாள் நிறையும் முன்னே குட்டி போடுவதைச் சொல்கிற வேர்ச்சொல் அது. குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஓதாத தொழுகை 'கிதாஜ்', அதாவது குறைபட்டது, என்று ஹதீஸில் வருவதும் அதே வேர்தான். ஆக, நேர்ப்பொருள் குறைமாதத்தில் பிறந்தவள். ஆனால் இந்தப் பொருளுக்காக யாரும் இந்தப் பெயரை வைப்பதில்லை. வணிகம் நடத்தியவர், நபிகளாரின் மனைவி, அவரை முதன்முதலில் நம்பியவர், 619இல் மறைந்த அன்னை கதீஜா (ரலி) அவர்களை நினைத்து வைப்பது. கானோவிலும் அதற்காகத்தான், நம் ஊரிலும் அதற்காகத்தான். பெற்றவளிடம் அகராதிப் பொருளை எடுத்துச் சொல்லாதே. 'எனக்கும் அதே பெயர்தான்' என்று சொல், அது போதும்.

'சுனா' என்றால் பெயர். பெயர் சூட்டும் சடங்குக்கும் அதுதான் சொல். பிறந்த ஏழாம் நாள் செம்மறிக்கிடா அறுத்து, பெயரை அறிவித்து, 'கோரோ' என்ற கோலா கொட்டையைப் பங்குவைப்பார்கள். தந்தால் வாங்கிக்கொள். கசக்கும், கொஞ்சமாகக் கடி.

ஒன்றைக் கவனி. அது மாமியாரின் பெயராக இருந்தால் தாய் குழந்தையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், வேறு பெயர்தான் சொல்வாள். அதற்கு 'குன்யா' என்பார்கள். நாணமும் மரியாதையும் கலந்தது. நம் பக்கத்து மருமகள்களும் இதைச் செய்தவர்கள்தான். அவளை வற்புறுத்திச் சொல்ல வைக்காதே.

பரிசின் மேல் பெயர் எழுதுவதானால் அவர்கள் ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுகிறார்களென்று கேட்டு எழுது. சிலர் அரபு உச்சரிப்பை ஒட்டியே எழுதுவார்கள். அரபு எழுத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். உன் பெயரை எழுதுகிற மாதிரியே எழுது.

துஆவுடன்,
வாப்பா