ஜாயின்ட் அக்கவுண்ட் சரி, ஜீவனாம்சம் எங்கே?

மத்திய அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான குழுவினருக்கு வணக்கம்.

தன்பாலின இணையருக்குத் திருமண உரிமை இல்லை என்று 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேறு என்னென்ன உரிமைகள் தரலாம் என்று ஆராயத்தான் 2024 ஏப்ரலில் உங்கள் குழு அமைந்தது. அந்த ஆண்டே சில நல்ல காரியங்கள் நடந்தன. ஒரே ரேஷன் கார்டில் இருவர் பெயர், வங்கியில் ஜாயின்ட் அக்கவுண்ட், இணையரை நாமினியாகப் போடுவது, சொந்தக்காரர்கள் வராதபோது உடலைப் பெற்றுக்கொள்வது. இதற்கெல்லாம் மனதார நன்றி.

ஆனால் இவை சேர்ந்து வாழும்போதும் ஒருவர் இறந்த பிறகும் உதவுபவை. பிரிந்து போகிறவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை.

சென்னையில் எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் பல ஆண்டுகள் ஒன்றாகக் குடித்தனம் நடத்தினார்கள். ஒருவருடைய அம்மா படுத்த படுக்கையானதும், மற்றவர் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, ராத்திரியில் துணி மாற்றியது எல்லாம் இவர்தான். வாடகை ஒப்பந்தம், கேஸ் புக், வண்டி ஆர்.சி. எல்லாம் சம்பாதித்தவர் பெயரில். உறவு முறிந்தபோது இவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கையில் சேமிப்பும் இல்லை, திரும்பிப் போக வேலையும் இல்லை.

இவரே ஒருவரின் மனைவியாக இருந்திருந்தால் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டிருப்பார். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இடைக்கால ஜீவனாம்ச மனுவை இயன்றவரை முடிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. சட்டப்படி மனைவி இல்லை என்பதால் இவருக்கு அந்த வழி அடைபட்டுப் போனது.

கல்யாணம் ஆகாதவர்களுக்கு நம் சட்டம் பணமே தருவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், திருமணத்தைப் போன்ற உறவில் வாழும் பெண்ணையும் பாதுகாக்கிறது. அந்த உறவு எப்படி இருக்க வேண்டும் என்று 2010இல் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. கோயம்புத்தூர் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. ஊரறியச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், வயது வந்திருக்க வேண்டும் என்பவை நியாயமான நிபந்தனைகள். கூடவே, இருவரும் சட்டப்படி திருமணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றும் ஒன்று இருக்கிறது. அந்த ஒன்றுதான் தன்பாலின இணையரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆண் இணையருக்கு இந்தச் சட்டமே இல்லை. அதில் நிவாரணம் கேட்க பெண்களால்தான் முடியும்.

முதலில் கல்யாண உரிமை வரட்டும், ஜீவனாம்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கிலாந்தில் தன்பாலினத் திருமணச் சட்டம் 2013இல்தான் வந்தது. அங்கே தன்பாலின இணையர் திருமணம் இல்லாமலே தங்கள் உறவைப் பதிவு செய்துகொள்ள வழி செய்த 2004ஆம் ஆண்டின் சிவில் பார்ட்னர்ஷிப் சட்டத்திலேயே மாதாந்திரத் தொகை, மொத்தத் தொகை, பென்ஷனில் பங்கு எல்லாவற்றுக்கும் உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்குக் கிடைத்துவிட்டது. இங்கும் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத் தீர்ப்பொன்றில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்று சொல்லியிருக்கிறது. குடும்பம் என்று ஒப்புக்கொண்டால், அது உடையும்போது வரும் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்?

சில மாதம் ஒரே அறையில் இருந்த எல்லோருக்கும் பணம் வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள், வீட்டுக்காக யார் வேலையை விட்டார், இப்போது யாரிடம் என்ன இருக்கிறது என்பதை விசாரித்து முடிவு செய்யும் அதிகாரத்தைக் குடும்பநல நீதிமன்றத்துக்குக் கொடுக்கும்படி பரிந்துரை செய்யுங்கள். ஆணோ பெண்ணோ, சார்ந்து வாழ்ந்தவர் கேட்கலாம் என்று இருக்கட்டும். விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், வழக்குப் பட்டியலில் பெயர் வரக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெற்றோருக்கே இன்னும் சொல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர் வெளியே வரும் என்றால் அவர்கள் நீதிமன்றப் படியே ஏற மாட்டார்கள்.